இரண்டு வகை கலந்த கிராஃப்ட் பீர்: சுவைத்து மதிப்பெண் போடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வேலையாகவோ நண்பர்களைப் பார்க்கவோ பெங்களூரு போகிறவர்கள், அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றும் பப்புகளில் உட்கார்ந்ததும் ஒரு விஷயத்தில் குழம்பிப்போகிறார்கள். லாகர், ஸ்டவுட், கோதுமை பீர் என்று கேள்விப்பட்ட பெயர்களுக்கு நடுவே பிளாக் ஐபிஏ, ஒயிட் ஐபிஏ, இந்தியா பேல் லாகர் என்று இரண்டு வகையை ஒட்டவைத்த பெயர்களும் பட்டியலில் இருக்கும். ஐபிஏ என்பது ஹாப்ஸ் பூவை அதிகம் போட்டுக் கசப்பும் வாசமும் கூட்டிய இந்தியா பேல் ஏல். பிளாக் ஐபிஏவை வாங்கிப் பார்த்தால் நிறம் கறுப்பான ஸ்டவுட்டுடையது, வாசம் ஐபிஏவுடையது. ஸ்டவுட் பிடித்தவர் "இதுல காப்பி வாசமே பத்தலைங்க" என்பார். ஐபிஏ பிடித்தவர் "கருகின வாடை வருதுங்களே" என்பார். இரண்டு பேரும் மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுவார்கள். பீர் என்னவோ நன்றாகத்தான் இருந்திருக்கும்.

கலந்த பீரை அதன் ஒரு பாதிக்கான அளவுகோலை வைத்து அளந்தால் அது எப்போதும் தோற்கத்தான் செய்யும். அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இரண்டு வகையும் தெரிகிறதா? ஒன்று மற்றதை அமுக்குகிறதா? இரண்டும் சேர்ந்ததால், தனித்தனியாகக் குடித்தால் கிடைக்காத ஏதாவது கிடைத்ததா? அரிசிம்பருப்புச் சோறு சாப்பிடும்போது அரிசிக்குத் தனியாக, பருப்புக்குத் தனியாக யாரும் மார்க் போடுவதில்லை. ஆனால் இரண்டில் ஒன்று தூக்கலாகிவிட்டால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். பீரிலும் நாக்கை அந்த இடத்துக்குத்தான் பழக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்த வயதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் கொஞ்சமாகக் குடித்து நிதானமாகக் கவனிக்கிறவர்களுக்கு. சுவைத்துப் பார்ப்பதற்கு ஒரு பீரில் 60 முதல் 90 மில்லி போதும். பெங்களூரு போவதானால் ரயிலில் போங்கள். கோவையிலிருந்து உதய் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. திருப்பூர், ஈரோடு, சேலம்காரர்களும் வழியில் ஏறிக்கொள்ளலாம். ஸ்டீயரிங் பிடிக்கிறவர் அன்றைக்கு மணந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில், கலப்பு எங்கே நடந்தது என்று கேளுங்கள்

பீருக்கு மூலப்பொருள் நான்கு: முளைகட்டிக் காயவைத்த தானியமான மால்ட், கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீர். இரண்டு வகையைக் கலப்பது என்றால் பெரும்பாலும் இந்த நான்கில் எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கே என்று தெரிந்தால், குடுவையில் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சில பீர்களில் ஒரு வகையின் மால்ட்டோடு இன்னொரு வகையின் ஹாப்ஸ் சேர்கிறது. பிளாக் ஐபிஏ இந்த ரகம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்திலேயே இதைக் காய்ச்சியிருக்கிறார்கள். ஐபிஏவுக்குப் போடும் அளவு ஹாப்ஸ் போட்டு, நிறத்துக்காகக் கருக வறுத்த மால்ட் சேர்ப்பார்கள். அந்த மால்ட்டை உமி நீக்கி வறுத்திருந்தால் கருமை வரும், தொண்டையைப் பிடிக்கும் கரிக்கசப்பு அவ்வளவாக வராது. நல்ல பிளாக் ஐபிஏவின் ரகசியம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

இன்னும் சிலவற்றில் ஒரு வகையின் ஈஸ்ட்டுக்கு இன்னொரு வகையின் செய்முறை. ஐபிஏ, ஸ்டவுட் போன்றவற்றுக்கான ஏல் ஈஸ்ட் பொதுவாக 15 டிகிரிக்கு மேல் வேலை செய்து பழ வாசங்களை விடும். லாகர் ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெதுவாக வேலை செய்து சுத்தமான சுவை தரும். லாகர் ஈஸ்ட்டை ஏலுக்கான வெப்பத்தில் விட்டால் கிடைப்பது கலிஃபோர்னியா காமன். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஸ்டீம் பீரால்தான் அது பேர் வாங்கியது. ஏல் ஈஸ்ட்டால் புளிக்கவைத்துவிட்டு, பிறகு லாகர்போலக் குளிரில் வாரக்கணக்கில் வைத்திருந்தால் அது ஜெர்மனியின் கோல்ன் நகரத்துக் கோல்ஷ். இந்த ரகத்தில் கலப்பு மிக நுட்பமாக இருக்கும். அவசரமாகக் குடித்தால் 'சும்மா லைட் பீர்' என்று தோன்றிவிடும்.

மூன்றாவது ரகத்தில், தயாரான பீர்களையே ஒன்றாக ஊற்றுகிறார்கள். பெல்ஜியத்தின் குயூஸ் இப்படித்தான்: ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு ஆன லாம்பிக் என்ற புளிப்பு பீர்களைக் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். இளசின் துடிப்பும் பழசின் ஆழமும் ஒரே குடுவையில் வரும்.

பப்பில் பரிமாறுகிறவரிடம் "இது எந்த ஈஸ்ட், என்ன ஹாப்ஸ்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். காய்ச்சுகிறவர்கள் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர்கள். பல இடங்களில் காய்ச்சுகிறவரே மேசைக்கு வந்து விளக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், இரண்டு பெற்றோரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது. பிளாக் ஐபிஏவை மதிப்பிட வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு சாதாரண ஐபிஏ, ஒரு ஸ்டவுட் அல்லது அதன் உறவான போர்ட்டர், இரண்டிலும் இரண்டு வாய் குடித்திருக்க வேண்டும். ஒயிட் ஐபிஏ என்றால் ஐபிஏவோடு, கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் காய்ச்சும் பெல்ஜிய விட்பியர். பெங்களூரில் பல பப்புகள் நாலைந்து சின்னக் குடுவைகளைப் பலகையில் வைத்து 'சாம்ப்ளர்' என்று தருவார்கள். அதை வாங்கும்போது இரண்டு பெற்றோரும் அவற்றின் பிள்ளையும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் டாஸ்மாக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது லாகர்தான். அதுவும் வீண் இல்லை. இந்தியா பேல் லாகரைப் புரிந்துகொள்ள ஒரு பக்கம் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

எண்களும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். பீர் நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரும் பிஜேசிபி என்ற அமெரிக்க அமைப்பு 1985 முதல் இயங்குகிறது. அதன் 2021 வழிகாட்டியில் அமெரிக்க ஐபிஏவின் கசப்பு 40 முதல் 70 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு), ஆல்கஹால் 5.5 முதல் 7.5 சதவீதம். விட்பியரின் கசப்பு வெறும் 8 முதல் 20. பிளாக் ஐபிஏ 50 முதல் 90 வரை போகலாம், ஆல்கஹால் 5.5 முதல் 9. ஒயிட் ஐபிஏவுக்கு 40 முதல் 70. அதாவது ஒயிட் ஐபிஏ கசப்பில் முழுக்க ஐபிஏ பக்கம் சாய்ந்தது. விட்பியரிடமிருந்து அது வாங்கிக்கொள்வது ஈஸ்ட்டின் வாசத்தையும் மசாலாவையும் கோதுமையின் மென்மையையும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் "விட்பியர்னு சொன்னாங்க, இவ்வளவு கசக்குதே" என்று மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டீர்கள்.

அதே வழிகாட்டியில் 34பி என்ற எண்ணில் 'கலப்பு வகை பீர்' என்றே ஒரு பிரிவு இருக்கிறது. தனக்கென்று பெயரும் இலக்கணமும் வந்துவிடாத கலவைகள் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே, கலந்த பீர் என்பது ஏதோ பப்புக்காரர்களின் விளம்பர வித்தை என்று ஒதுக்கத் தேவையில்லை.

மூக்கையும் நாக்கையும் தயார் செய்வது

பள்ளிபாளையம் சிக்கனையும் பீரையும் சேர்த்துச் சாப்பிடுவது பெரிய சுகம்தான். ஆனால் மதிப்பெண் போடும் வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மிளகாயின் காரம் ஏறிய நாக்குக்கு மால்ட்டின் இனிப்பு தெரியாது, ஹாப்ஸின் கசப்பு மட்டும் பெரிதாகத் தெரியும். நடுநடுவே வாயைச் சுத்தம் செய்ய உப்பு, மசாலா சேராத வெறும் பொரியும் தண்ணீரும் போதும். பொரிக்குத் தனக்கென்று சுவை இல்லை, நாக்கில் எண்ணெயும் ஒட்டாது.

ஊதுபத்தி, சாம்பிராணி, தலையில் மல்லிகைச் சரம், சட்டையில் சென்ட், பக்கத்தில் சிகரெட் எதுவும் வேண்டாம். ஒயிட் ஐபிஏவின் மெல்லிய கொத்தமல்லி வாசத்தைச் சத்தியமங்கலத்து மல்லிகை ஒரே மூச்சில் மறைத்துவிடும்.

கண்ணாடிக் குடுவைதான் வேண்டும். சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, வாசமும் தங்காது. வாய் கொஞ்சம் குறுகலாக இருந்தால் இன்னும் நல்லது. ஒயின் கிளாஸ் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். குடுவையின் சுத்தம்தான் இங்கே பெரிய விஷயம். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடென்றால் கவலை இல்லை. போர் தண்ணீர் புழங்குகிற இடங்களில் கண்ணாடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அந்தப் படிவிலும், சரியாகக் கழுவாத எண்ணெய்ப் பிசுக்கிலும் பீர் அதன் உண்மையான முகத்தைக் காட்டாது. பிசுக்கு இருந்தால் நுரை சட்டென்று விழுந்துவிடும். கடைசியாக ஒரு முறை குடிதண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள், துணியால் துடைக்காதீர்கள். சுத்தமான குடுவையில் தண்ணீர் ஊற்றிக் கொட்டினால் அது ஒரே படலமாக வழியும். திட்டுத்திட்டாக நின்றால் மறுபடி கழுவ வேண்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. பீரின் பெரும்பகுதி தண்ணீர்தான். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாக்கியது, பேல் ஏலுக்கு அந்த ஊர் பெயர் வாங்கியது. செக் நாட்டின் பில்சன் நகரத்துத் தண்ணீர் உப்பு மிகக் குறைந்த மென்தண்ணீர். அங்கே மென்மையான லாகர் பிறந்தது. அத்திக்கடவுத் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் காப்பியில் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரிந்த நம்மவர்களுக்கு இது எளிதில் புரியும்.

குளிர் அடுத்தது. ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த பீரில் வாசம் அடங்கிக் கிடக்கும். கோதுமை பீரும் லாகரும் 5 முதல் 7 டிகிரியிலும், ஐபிஏவும் கறுப்பு வகைகளும் 8 முதல் 12 டிகிரியிலும் நன்றாகப் பேசும். வீட்டில் தெர்மாமீட்டர் தேவையில்லை. மார்கழியில் எடுத்து ஒரு கால்மணி நேரம் வெளியே வைக்கலாம். சித்திரையில் ஈரோட்டு வெயிலுக்கு ஐந்து நிமிடமே அதிகம். கலந்த பீர் என்றால் ஒரு வாய் குளிர்ச்சியாக இருக்கும்போதும் இன்னொரு வாய் கொஞ்சம் சூடேறிய பிறகும் குடித்துப் பாருங்கள். குளிரில் ஒரு பெற்றோர் முன்னால் நிற்பார், சூடேற ஏற இன்னொருவர் வெளியே வருவார். பிளாக் ஐபிஏவில் இதை மிகத் தெளிவாகப் பார்க்கலாம்: முதலில் ஹாப்ஸ், பத்து நிமிடம் கழித்து வறுத்த மால்ட்.

ஊற்றி, பார்த்து, முகர்ந்து

குடுவையைச் சாய்த்துப் பிடித்துப் பாதி வரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரற்கடை நுரை நிற்க வேண்டும். நுரை வேண்டாம் என்று ஓரமாகவே ஊற்றுவது நம்ம ஊர்ப் பழக்கம். அப்படி ஊற்றினால் வாசம் சரியாக எழாமல் பீருக்குள்ளேயே அடங்கிவிடும்.

நிறத்தை ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். பிளாக் ஐபிஏவை வெளிச்சத்துக்குத் தூக்கினால் ஓரத்தில் செம்பழுப்பு தெரியும், அது சரிதான். ஒயிட் ஐபிஏ மங்கலாக இருப்பதும் சரிதான். தோற்றத்துக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

வாசத்தில்தான் உட்கார வேண்டும். ஊற்றின உடனே முகருங்கள், ஏனென்றால் முதலில் கிளம்புகிற வாசங்கள் திரும்ப வராது. குடுவையை மெதுவாகச் சுழற்றி, இரண்டு மூன்று சின்ன மூச்சாக இழுத்து, வாயைத் திறக்காமல் மனதில் வருகிற முதல் பொருளின் பெயரை எழுதிவிடுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் வருகிற கிரேப்ஃப்ரூட், கூஸ்பெர்ரி, டாஃபி எல்லாம் நமக்கு எதற்கு? நீங்கள் முகர்ந்து வளர்ந்த பொருள்களின் பெயரையே எழுதுங்கள், அதுதான் நம்பகமானது.

நான் என் நோட்டில் வைத்திருக்கும் பெயர்கள் இவை. சிட்ரா போன்ற அமெரிக்க ஹாப்ஸுக்குச் சாத்துக்குடித் தோல், நார்த்தங்காய், சில சமயம் பழுத்த சேலத்து மாம்பழம். பிசின் வாசம் உள்ள ஹாப்ஸுக்கு ஊட்டியில் மழை பெய்து ஓய்ந்த பைன் தோப்பு. ஐரோப்பிய ஹாப்ஸ் சிலவற்றுக்குக் காய்ந்த புல்லும் மண்ணும். அந்த மண் வாசத்தின் ஓரத்தில் ஈரோட்டு மஞ்சள் மண்டி தெரியும். ஜெர்மன் கோதுமை பீரின் ஈஸ்ட்டுக்குக் கனிந்த ரஸ்தாளி, கூடவே கிராம்பு. வெளிர் மால்ட்டுக்கு அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டி, இன்னும் கொஞ்சம் சிவந்தால் ஊட்டி வர்க்கி. கேரமல் மால்ட்டுக்குக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. கறுப்பு மால்ட்டுக்கு, அளவாக இருந்தால் அரைத்த காப்பிப்பொடியும் கசப்புச் சாக்லேட்டும், அளவு மீறினால் அடிப்பிடித்த பாத்திரம்.

கலந்த பீரில் பட்டியலை இரண்டு பத்தியாக எழுதுங்கள். முதல் பெற்றோரிடமிருந்து வந்த வாசங்கள் இடப்பக்கம், இரண்டாமவருடையவை வலப்பக்கம். ஒரு பத்தி காலியாகக் கிடந்தால் அதுவே ஒரு தீர்ப்பு. இரண்டு பத்தியிலும் சேராத ஒன்று வந்தால் நடுவில் எழுதி வட்டம் போடுங்கள். ஹாப்ஸின் நார்த்தங்காய் வாசமும் கோதுமை ஈஸ்ட்டின் வாழைப்பழ வாசமும் சேரும்போது சில சமயம் இரண்டிலும் இல்லாத பலாச்சுளை வாசம் எழும். ஜெர்மனியின் ஷ்னைடர் ஆலையும் நியூயார்க்கின் புரூக்ளின் ஆலையும் 2007-இல் சேர்ந்து காய்ச்சிய ஹாப்ஃபன் வைஸ இந்தச் சேர்க்கையை நோக்கிப் போன பீர். கலப்பின் முழு நியாயமும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

நம் தாத்தாக்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. தமிழ்நாட்டில் 1987-இல் கள் இறக்கத் தடை வருவதற்கு முன்னால், கலயத்தை மூக்கருகே கொண்டுபோனதுமே தென்னங்கள்ளா பனங்கள்ளா, விடிகாலையில் இறக்கியதா வெயிலேறியதா என்று சொல்லக்கூடியவர்கள் கொங்கு நாட்டு ஊர் ஒவ்வொன்றிலும் இருந்தார்கள். அந்த மூக்குப் பயிற்சியை மதிப்போடு பார்க்கிறேன். நாம் இப்போது கற்பது அதே கவனம்தான்.

வாயில் வைத்ததும்

முதல் வாயில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். இரண்டாவது வாய் கொஞ்சம் பெரிதாக எடுத்து, நாக்கு முழுக்கப் பரவ விட்டு, விழுங்கி, வாயை மூடிக்கொண்டே மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்த மூச்சில்தான் வருகிறது. சந்தேகம் இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிப்பும் கசப்பும் புளிப்பும் தெரியும், மாம்பழமும் காப்பியும் காணாமல் போயிருக்கும். பீரைத் துப்பிவிட்டு மதிப்பிடுவது சரிவராது, ஏனென்றால் கசப்பு முழுதாகத் தெரிவது விழுங்கிய பிறகு.

மூன்று தருணங்களைப் பிரித்துக் கவனியுங்கள்: வாயில் பட்டதும் என்ன, நடுவில் என்ன, விழுங்கி அரை நிமிடம் கழித்து என்ன மிஞ்சுகிறது. நல்ல பிளாக் ஐபிஏ ஒன்றை இப்படிக் கவனித்தால் முதலில் சாத்துக்குடித் தோலின் கூர்மை, உடனே மெல்லிய மால்ட் இனிப்பு, நடுவில் கசப்புச் சாக்லேட்டின் ஒரு கீற்று, கடைசியில் உலர்ந்த, சுத்தமான ஹாப்ஸ் கசப்பு. மோசமானதில் கடைசித் தருணம் கெட்டுப்போயிருக்கும். ஹாப்ஸின் கசப்பும் கருகிய மால்ட்டின் கசப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நாக்கின் அடியில் சாம்பல் தடவியதுபோல் துவர்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு கசப்புகள் சண்டை போடுவதுதான் இந்த வகையின் வழக்கமான தோல்வி. புதியவர்கள் 'ரொம்ப ஸ்ட்ராங்' என்று அதைப் பாராட்டிவிடுவதும் உண்டு.

ஒயிட் ஐபிஏ வேறு இடத்தில் தோற்கும். அங்கே கிராம்பு வாசமும் ஹாப்ஸின் பிசின் வாசமும் கூடி மருந்துக்கடை நெடியாகிவிடும். இந்தியா பேல் லாகரின் தோல்வி இன்னொரு விதம்: லாகரின் மெலிந்த உடம்புக்குத் தாங்காத அளவு ஹாப்ஸ் போட்டிருப்பார்கள், கசப்பு தனியாக, தண்ணீர் தனியாகத் தெரியும்.

வாய் உணர்வு என்பது கனம், வாயு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு. கோதுமை சேர்ந்தால் வழவழப்பு வரும், உலர்ந்த ஐபிஏவில் வாய் சுத்தமாகத் துடைத்ததுபோல் இருக்கும். இரண்டும் கலந்த பீரில் எது வெல்ல வேண்டும் என்று விதி இல்லை. இரண்டாவது வாய்க்குக் கை தானாகப் போகிறதா என்பதைப் பாருங்கள்.

குறையா, குணமா?

கலந்த பீரில் இது மிகவும் தடுமாற வைக்கும் இடம். ஒரு வகையில் குணமாக இருப்பது இன்னொன்றில் குறை. வாழைப்பழ வாசம் ஜெர்மன் கோதுமை பீரில் கட்டாயம், லாகரில் தவறு. ஆகவே விசித்திரமான வாசம் வந்தால் முதலில் இரண்டு பெற்றோரில் யாருக்காவது அது சொந்தமா என்று பாருங்கள். சொந்தமென்றால் குறையாக எழுதாதீர்கள்.

சில வாசங்களுக்கு மட்டும் பெரும்பாலும் எந்த வீட்டிலும் இடமில்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். திருப்பூர் பனியன் கம்பெனி குடோன்களில் இதை முகராதவர் இருக்க முடியாது. பீருக்குள் ஆக்சிஜன் போய்ப் பழசாகிவிட்டது என்று பொருள். மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வீச்சம் வந்தால் பாட்டிலில் வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹாப்ஸில் உள்ள பொருள்கள் வெளிச்சம் பட்டால் கெடும், பச்சை பாட்டிலிலும் நிறமற்ற பாட்டிலிலும் இது சீக்கிரம் நடக்கும், பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும். அவித்த மக்காச்சோள வாசம் தூக்கலாக இருந்தால் காய்ச்சும்போது கொதி போதவில்லை அல்லது கிருமி சேர்ந்திருக்கலாம். ஊத்துக்குளி வெண்ணெய் வாசம் வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்னால் பீரை எடுத்துவிட்டார்கள். செக் லாகர்களில் அது துளி இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஹாப்ஸ் வாசம் முன்னால் நிற்க வேண்டிய ஐபிஏ கலவைகளில் அது எல்லாவற்றையும் மூடிவிடும்.

மதிப்பெண்

பிஜேசிபி தாளில் மொத்தம் 50. வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. 45 முதல் 50 உலகத் தரம், 38 முதல் 44 அருமை, 30 முதல் 37 மிக நன்று, 21 முதல் 29 நன்று, 14 முதல் 20 சுமார், அதற்குக் கீழே பெரிய கோளாறு. தொடங்குகிறவர்களுக்கு இந்தத் தாளே போதும், மொபைல் ஆப்பில் நட்சத்திரம் குத்துவதைவிட எவ்வளவோ நல்லது. ஏன் இவ்வளவு போட்டீர்கள் என்று ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் தெரியும்.

கலந்த பீருக்காக ஒட்டுமொத்தம் 10ஐ மட்டும் நான் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் பெற்றோர் தெரிந்தால் 3, இரண்டாமவர் தெரிந்தால் 3, சேர்க்கைக்கு 4. மற்ற நாற்பதில் பீர் எவ்வளவு நன்றாகக் காய்ச்சப்பட்டது என்பது வந்துவிடும். இந்தப் பத்தில் கலந்ததற்கு நியாயம் இருக்கிறதா என்பது வரும். சேர்க்கைக்கு முழு 4 போட வேண்டுமானால் வட்டத்துக்குள் ஏதாவது எழுதியிருக்க வேண்டும். வட்டம் காலியென்றால் 2க்கு மேல் போகாதீர்கள், மற்றதெல்லாம் எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

நிரப்பிய தாள் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

பிளாக் ஐபிஏ, குழாய் பீர், சாம்ப்ளர் குடுவை. வாசம் 9: சாத்துக்குடித் தோல் தூக்கல், பைன், அடியில் காப்பிப்பொடி லேசாக. தோற்றம் 3: கருமை, ஓரம் சிவப்பு, பழுப்பு நுரை நெடுநேரம் நிற்கிறது. சுவை 14: தொடக்கமும் நடுவும் அழகு, முடிவில் கரிக்கசப்பு கொஞ்சம் நீள்கிறது. வாய் உணர்வு 4: நடுத்தரக் கனம், துவர்ப்பு சிறிது. ஒட்டுமொத்தம் 7: ஐபிஏ 3, கறுப்புப் பக்கம் 2, சேர்க்கை 2. மொத்தம் 37. சூடேறியதும் கறுப்புப் பக்கம் கூடியது, ஆனால் ஹாப்ஸோடு ஒட்டாமல் தனியாக நின்றது.

கடைசி வாக்கியம்தான் அந்தத் தாளிலேயே பயனுள்ளது. 37 என்ற எண் இன்னொருவருக்கு ஒன்றும் சொல்லாது. எங்கே ஒட்டவில்லை என்பது காய்ச்சியவருக்கே உதவும்.

நாலைந்து பேராக உட்கார்ந்தால் எல்லோரும் எழுதி முடிக்கும் வரை யாரும் பேசக் கூடாது. ஒருவர் "மாம்பழ வாசம் வருதுங்க" என்று சொல்லிவிட்டால் மேசை முழுக்க மாம்பழம் வந்துவிடும். அதிலும் வயதில் மூத்தவரோ முதலாளியோ முதலில் சொல்லிவிட்டால் மறுத்துப் பேச நம்மவர்களுக்கு மனசு வராது. எனவே இளையவரிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். இரண்டு பேருக்கு இடையே 7 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்காமல், இருவரும் மறுபடி ஒரு வாய் குடித்து, எந்தக் கட்டத்தில் விலகினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒருவர் ஒரு பெற்றோரை மட்டும் மனதில் வைத்து அளந்திருப்பார்.

ஒரு முறையில் நாலு பீருக்கு மேல் வேண்டாம். வெளிர் நிறத்திலிருந்து கறுப்புக்கு, குறைந்த கசப்பிலிருந்து அதிகக் கசப்புக்குப் போங்கள். பிளாக் ஐபிஏவைக் கடைசியில் வையுங்கள். அதற்குப் பிறகு கோல்ஷ் குடித்தால் வெறும் சோடாவாகத் தெரியும்.

பாட்டிலோ கேனோ என்றால் அடைத்த தேதியையும் தாளில் எழுதிவிடுங்கள். ஹாப்ஸ் வாசம் சில மாதங்களிலேயே மங்கும், வறுத்த மால்ட்டின் சுவை நெடுநாள் தாங்கும். அதனால் அதே பிளாக் ஐபிஏ நாலு மாதம் கழித்துக் கறுப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். முதல் தாளில் ஐபிஏவுக்கு 3 போட்டவர் இரண்டாவது தாளில் 1 போடுவார். இரண்டு தாளையும் ஒரே கிளிப்பில் குத்தி வையுங்கள்.